சருகும் சச்சரவும்

அரபியில் 'கரீஃப்' என்றொரு சொல் உண்டு. மத்ரஸாவில் பருவங்களின் பெயரை மனனம் செய்யும் மாணவன் அதற்கு நேரே 'இலையுதிர் காலம்' என்று எழுதிக்கொள்வான். அகராதியும் அதையே சொல்லும். ஆயினும் அச்சொல்லின் வேரில் இலை இல்லை, கனி இருக்கிறது. மரத்திலிருந்து பழம் பறித்தலைக் குறிக்கும் மூலத்திலிருந்து பிறந்த சொல் அது. கனி கொய்யும் காலம் என்பதே முதற்பொருள். ஓமான் நாட்டின் தென்கோடியில் உள்ள ஸலாலாவில் கரீஃப் என்றால் மழைக்காலம். ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை மலையெல்லாம் பச்சை போர்த்திக்கொள்ளும் என்று அங்கே வேலை பார்த்துத் திரும்பிய நம் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வடநாட்டு உழவர் 'கரீஃப் பயிர்' என்பதும் இதே சொல்தான். ஹதீஸ் நூல்களில் 'எழுபது கரீஃப்' என்று வந்தால் எழுபது ஆண்டு என்று பொருள் கொள்ளவேண்டும்.

தமிழரின் ஆறு பருவங்களிலும் இலையுதிர் காலம் என ஒன்று கிடையாது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று மழையையும் பனியையும் வெயிலையும் வைத்தே நம் முன்னோர் ஆண்டைப் பகுத்தார்கள். நம்மூர் மரங்கள் இலை உதிர்க்காமல் இல்லை. மாசி பங்குனியில் வேம்பு பழுத்து உதிர்க்கும். அடுத்த சில நாட்களிலேயே செந்தளிர் காட்டிவிடும். நாட்டு வாதுமை மரம் தன் பெரிய இலைகளைச் சிவக்கவைத்து ஒவ்வொன்றாகக் கீழே போடும். பள்ளிவாசல் முற்றத்தில் மோதினார் ஈர்க்குமாற்றால் இரண்டு வீச்சு வீசினால் வேலை முடிந்தது. இதற்காக ஊர்க்கூட்டம் கூடியதாகவோ, சட்டம் இயற்றியதாகவோ நாம் கேள்விப்பட்டதில்லை.

அமெரிக்கர்கள் அப்பருவத்தை 'ஃபால்' என்றே அழைக்கிறார்கள். விழுதல் என்று பொருள். சுற்றி வளைக்காத பெயர். அந்த விழுதலை நாம் கண்ணால் கண்டது 2023-ஆம் ஆண்டில். நம் மகள் குடும்பத்தோடு நியூ ஜெர்ஸி மாநிலத்தில் வாழ்கிறாள். அக்டோபர் முதல் வாரத்தில் அங்கே சென்ற நாம் டிசம்பர் நடுவில்தான் ஊர் திரும்பினோம். அவ்வூரின் பெயரை இங்கே எழுதவில்லை. அண்டை வீட்டாருக்கிடையே நடந்த வழக்கு இது. அவர்கள் நாளையும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள்.

மகள் வீட்டு முன்புறம் இரண்டு மேப்பிள் மரங்கள், பின்புறம் மூன்று ஓக் மரங்கள். தெரு முழுவதும் அப்படியே. பகல் சுருங்கச் சுருங்க இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சையின் கீழ் மறைந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது. மேப்பிளின் சிவப்போ புதிதாகத் தோன்றுவது. உதிரப்போகும் இலை கடைசி நாட்களில் தனக்குள் அந்தச் செந்நிறத்தை உண்டாக்கிக்கொள்கிறது. இதற்குள் மரம் இலையிலிருந்த தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கூடியமட்டும் கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொண்டு, காம்பின் அடியில் மெல்லிய அடுக்கொன்றை வளர்த்து உறவைத் துண்டிக்கிறது. பிறகு ஒரு சிறு காற்றுப் போதும். மேப்பிள் பத்து நாட்களில் வெறுமையாகிவிடும். ஓக் மரம் பிடிவாதக்காரன். செத்த இலையையும் விடாமல் பனிக்காலம் வரை பிடித்துக்கொண்டு, தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும். உதிரும் ஒற்றை இலையையும் இறைவனின் அறிவோடு சேர்த்துப் பேசும் வசனம் அல்-அன்ஆம் அத்தியாயத்தில் வருவதை வாசகர் அறிவர். அதை ஓதும்போதெல்லாம் நம் மனக்கண்ணில் ஓரிலைதான் தோன்றும். அந்தத் தெருவில் நின்றபோது எண்ணிக்கை என்ற சொல்லே பொருளற்றுப் போயிற்று.

இனி வழக்குக்கு வருவோம்.

அந்நாட்டில் வீட்டின் முன்னே புல்வெளி இருக்கவேண்டும். அதன்மேல் சருகு இருக்கக்கூடாது. இது எந்த வேதத்திலும் எழுதப்படாத கட்டளை. ஆனாலும் பெரும்பாலோர் தவறாமல் நிறைவேற்றுகிறார்கள். முற்காலத்தில் நீண்ட கைப்பிடியும் பல்வரிசையும் கொண்ட வாரியால் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சேர்ந்து வாரிக் குவித்தார்கள். குவித்ததைக் கொளுத்தவும் செய்தார்கள். கொளுத்துவதைப் பின்னர் பல இடங்களில் தடுத்தார்கள். நியூ ஜெர்ஸியில் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சருகைக் குப்பைமேட்டில் கொட்டுவதையும் தடுத்தது; அதனால் ஊராட்சிகள் அதைத் தனியே சேகரித்து உரமாக்குகின்றன. சேகரிக்கும் வண்டி வருவதற்கு ஏழு நாளுக்கு முன்னதாகத் தெருவோரத்தில் குவிக்கக்கூடாது. மழைநீர் வடிகால் வாயிலிலிருந்து பத்தடிக்குள் குவிக்கக்கூடாது என்றெல்லாம் விதியுண்டு. விதிக்குக் காரணமும் உண்டு. விஸ்கான்ஸின் மாநிலத்து மாடிஸன் நகரில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை நடத்திய ஆய்வில், தெருவில் கிடக்கும் சருகை மழைக்கு முன்பே அகற்றினால் இலையுதிர் காலத்து மழைநீரோடு போகும் பாஸ்பரஸ் 84 விழுக்காடு குறைந்தது. ஊறிய சருகின் சாறு ஏரிக்குப் போய்ப் பாசியை வளர்க்கிறது. ஆகவே தெருவிலிருந்து சருகை எடுக்கவேண்டும் என்பதில் நமக்கும் ஐயமில்லை. புல்வெளியிலிருந்தும் எடுக்கவேண்டுமா என்பதே நம் கேள்வி. அதைப் பிறகு பார்ப்போம்.

வாரியின் இடத்தை ஒரு பொறி பிடித்துக்கொண்டது. 'லீஃப் புளோயர்' என்கிறார்கள். நாம் இலையூதி என்று சொல்லிக்கொள்வோம். முதுகில் சுமக்கும் பெட்ரோல் பொறி, அதிலிருந்து யானைத் துதிக்கை போல் நீளும் குழாய். அதன் வாயிலிருந்து வரும் காற்றின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரையும் தாண்டும் என்கிறபோது, புயலுக்குப் பெயர் சூட்டும் வேகத்தை ஒரு மனிதன் கையில் பிடித்துத் திரிகிறான் என்றாகிறது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர்கள் தந்த கருவி இது. கலிஃபோர்னியாவில் அப்போது வறட்சி. நடைபாதையைத் தண்ணீர் பீச்சிக் கழுவுவது தடுக்கப்பட்டதால் காற்றைப் பீச்சும் கருவிக்கு வரவேற்புக் கிடைத்தது. 1990-இல் அமெரிக்காவில் ஓராண்டு விற்பனை எட்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. எதிர்ப்பும் கருவியோடு உடன்பிறந்ததுதான். கலிஃபோர்னியாவின் கார்மெல் என்னும் கடற்கரைச் சிற்றூர் 1975-ஆம் ஆண்டிலேயே அதைத் தடை செய்துவிட்டது.

ஓசையைப் பற்றிச் சொல்லவேண்டும். காலை எட்டு மணிக்கு ஒரு வீட்டில் தொடங்கும். அங்கே ஓய்ந்தால் மூன்றாம் வீட்டில் தொடங்கும். பேத்திக்கு அலிஃப் பே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் 'ஹே'க்கும் 'ஹா'வுக்கும் வேறுபாடு காதில் விழாது. சாளரத்தைச் சாத்தினாலும் பயனில்லை. கூரிய ஒலியைக் கண்ணாடி தடுக்கும். இந்தப் பொறியின் தாழ்ந்த உறுமலோ சுவரையும் ஊடுருவி வந்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் நம் நிலையே இதுவானால் அதை முதுகில் சுமப்பவர் நிலை என்ன? எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல்லே எல்லை என்று அந்நாட்டுத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிறது. மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகக் குறையவேண்டும். அதாவது 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி, 94-க்கு ஒரே மணி. பெட்ரோல் இலையூதியின் ஓசை அதைச் சுமப்பவரின் காதருகே பலவேளை இதையும் தாண்டுகிறது. அவரோ பகல் முழுவதும் சுமக்கிறார்.

புகை வேறு. இவ்வகைப் பொறிகள் பலவற்றில் எண்ணெயும் பெட்ரோலும் கலந்தே எரிகின்றன. எரியாத பங்கு அப்படியே வெளியே வருகிறது. வணிகத்துக்குப் பயன்படும் ஓர் இலையூதியை ஒரு மணி நேரம் ஓட்டினால் எழும் மாசு, 2017-ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி காரை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து டென்வர் வரை, சுமார் 1,100 மைல், ஓட்டுவதற்குச் சமம் என்று கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் கணக்கிட்டது. இது புகைமூட்டத்தை உண்டாக்கும் மாசின் கணக்கு. எரிபொருட் செலவின் கணக்கன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு முழங்குவோரை நாம் நேரிலேயே கேட்டோம்.

எங்கே என்றால், நகர மன்றக் கூட்டத்தில். பெட்ரோல் இலையூதியைத் தடுக்கும் விதியொன்று அவ்வூரில் முன்மொழியப்பட்டிருந்தது. மகள் ஆதரவுக் கையெழுத்து இட்டவள். கூட்டத்துக்குத் தன்னோடு வருமாறு அழைத்தாள், சென்றோம். அங்கே யாரும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம். மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் அம்மையார் ஒருவர், பகலில் தூங்க வழியில்லை என்றார். குரலில் சினம் இல்லை, களைப்பே இருந்தது. முதியவர் ஒருவர், தம் முதுகு வாரியைத் தாங்காது, ஊதியாவது இருக்கட்டும் என்றார். இன்னொருவர் தம் நிலத்தில் தாம் என்ன செய்தாலும் எவருக்கென்ன என்று மேசையைத் தட்டினார். தோட்டப்பணி நிறுவனம் நடத்தும் ஒருவர், மின்கலத்தால் ஓடும் ஊதிகளின் விலையையும் ஈரச்சருகின் முன் அவை திணறுவதையும் எடுத்துச் சொல்லி, என் ஆட்களின் பிழைப்பு என்னாவது என்று கேட்டார். எல்லாரும் அந்த 'ஆட்களை'ப் பற்றிப் பேசினார்கள். ஆட்களில் ஒருவரும் அங்கே இல்லை.

கால் நூற்றாண்டுக்கு முன் லாஸ் ஏஞ்சலிஸில் அப்படி இல்லை. வீடுகளிலிருந்து 500 அடிக்குள் பெட்ரோல் இலையூதியைப் பயன்படுத்தக்கூடாது என்று அந்நகரம் விதி வகுத்தபோது, லத்தீன் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டு, 1998 ஜனவரியில் நகர மன்றத்தின் வாசலிலேயே உண்ணாநோன்பு இருந்தார்கள். விதி நிற்கத்தான் செய்தது. ஆனால் அவர்களுடைய முகத்தை நாடு பார்த்துவிட்டது. அந்த விதியில் கவனிக்கத்தக்க ஒரு பகுதி உண்டு. ஊதியை இயக்கியவர் மட்டுமல்லாமல் அவரை வேலைக்கு அமர்த்தியவரும் குற்றத்துக்கு உள்ளாவார் என்று அது சொல்கிறது. இதை நாம் பிறகு அறிந்தபோது மத்ரஸாவில் பல ஆண்டு நடத்திய பாடமொன்று நினைவில் எழுந்தது.

ஃபிக்ஹு நூல்களில் 'முபாஷிர்' என்றும் 'முதஸப்பிப்' என்றும் இருவரைப் பிரித்துப் பேசுவார்கள். முன்னவர் ஒரு கேட்டைத் தம் கையால் நேரே செய்தவர். பின்னவர் அதற்குக் காரணமாய் அமைந்தவர். ஒருவன் வழியில் குழி வெட்டுகிறான். வேறொருவன் மூன்றாமவனை அதில் தள்ளுகிறான். பொறுப்பு தள்ளியவனையே சேரும். 1869-க்கும் 1876-க்கும் இடையே உதுமானியர் தொகுத்த 'மஜல்லா'வின் 90-ஆம் விதியும் இதுவே. இவ்விதியை அப்படியே எடுத்துப் பொருத்தினால் ஊதியைச் சுமந்தவர்தான் பொறுப்பாளி. ஆனால் குழி வெட்டியவனும் தள்ளியவனும் தத்தம் விருப்பப்படி செய்தவர்கள். இங்கே சுமப்பவருக்குப் பொறியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை, ஓர் இலையை விட்டுவைக்கும் உரிமையும் இல்லை. புல்வெளி துடைத்தாற்போல் இருக்கவேண்டும் என்று கேட்டவர், அந்த வேலைக்கு இன்ன கூலிதான் என்று முடித்தவர், ஆகிய இருவரும் முடிவு செய்துவிட்ட ஒன்றை அவர் முதுகு நிறைவேற்றுகிறது. இதை ஃபத்வாவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்குரியவர்கள் வேறு. ஒரு பாட வாத்தியாரின் எண்ணம், அவ்வளவே.

அண்டை வீட்டு உரிமை பற்றியும் அம்மஜல்லாவில் விரிவான பகுதியுண்டு. வீட்டை ஒட்டிக் கொல்லன் உலையோ மாவாலையோ வைத்து அதிர்வால் சுவரைத் தளரச்செய்வதும், புகையாலும் நாற்றத்தாலும் குடியிருக்க முடியாமல் ஆக்குவதும் நீக்கத்தக்க பெருந்துன்பங்களாக எண்ணப்படுகின்றன. ஒருவரது களத்துமேட்டுக்குக் காற்று வராதபடி பக்கத்திலே கட்டடம் எழுப்புவதும் அதே வரிசையில் வருகிறது. நெல் தூற்றியவர்களுக்கு அதன் நியாயம் விளங்கும். அக்காலத்தார் காற்றை மறிப்பதைக் குற்றமென எண்ணினார்கள். இப்போது கேட்காத காற்றைக் கொண்டுவந்து கொட்டுகிறோம். காற்று தானாக அடித்து நம் சருகு அடுத்தவர் முற்றத்தில் போய் விழுந்தால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் காற்று பலமாக வீசும் நாளில் தன் நிலத்தில் தீ மூட்டி, அது பரவி அடுத்தவரது பயிரை எரித்தால் மூட்டியவனே ஈடு கொடுக்கவேண்டும் என்று நம் நூலோர் தீர்ப்பளித்தார்கள். தம் நிலத்தில் தாம் எதுவும் செய்யலாம் என்று மேசை தட்டிய அன்பருக்கு இதைச் சொல்ல ஆவலாயிருந்தது. மகள் கையைப் பிடித்து அமர்த்திவிட்டாள்.

மகள் வீட்டுக்குக் கிழமைக்கு ஒருமுறை மூவர் வருவார்கள். அவர்களில் மூத்தவர் குவாத்தமாலா நாட்டவர். நம் வயதுக்கு இரண்டொன்று குறைவாக இருக்கலாம். காதுறையைக் காதில் அணியாமல் கழுத்தில் மாட்டியிருப்பார். ஒருநாள் மகள் கொடுத்த தேநீரை எடுத்துக்கொண்டு நாமே வெளியே சென்றோம். பேத்தி பள்ளியில் ஸ்பானிய மொழி கற்கிறாள். அவளே இருவருக்கும் நாவானாள். ஏன் காதுறையை அணிவதில்லை என்று கேட்கச் சொன்னோம். அணிந்தால் பின்னால் வண்டி நகர்வது கேட்காதாம். இரவில் படுத்தால் காதுக்குள் சுவர்க்கோழி கத்துகிறதாம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். வாரியால் செய்தால் ஒரு நாளில் பாதி வீடுகூட முடியாது, முதலாளி வீட்டுக் கணக்கில்தான் கூலி தருகிறார், ஒரு மூலையில் இலை கிடந்தாலும் வீட்டுக்காரர் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார் என்றார். தேநீருக்குச் சர்க்கரை வேண்டுமா என்று பேத்தி கேட்டபோது அவள் வாயிலிருந்து 'அஸூகர்' என்று வந்தது. நம் 'அஸ்ஸுக்கர்' அல்லவா! மின்கல ஊதி வந்தால் நல்லதுதானே என்று கேட்டதற்கு அவர் 'ஓஹாலா' என்று ஒற்றைச் சொல் சொன்னார். அப்படி நடந்தால் நன்று என்று பேத்தி பெயர்த்தாள். ஸ்பெயினை முஸ்லிம்கள் ஆண்ட நூற்றாண்டுகளில் அல்லாஹ்வின் நாட்டத்தைக் குறிக்கும் அரபுத் தொடரொன்று அம்மொழிக்குள் புகுந்து இப்படித் தேய்ந்து நிற்கிறது என்பதை அவருக்குச் சொன்னோம். வியந்தார், இரண்டாம் முறையும் 'ஓஹாலா' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். பின்பு கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொறியை முதுகில் ஏற்றினார்.

அன்று இரவு உணவின்போது வீட்டுக்குள்ளேயே வழக்கு மூண்டது. மகளுக்குத் தடைவிதி வரவேண்டும். மருமகனாருக்கும் ஓசை பிடிக்கவில்லைதான். ஆனால் ஆட்களை நிறுத்தினால் சனி ஞாயிறு முழுவதும் தாமே வாரவேண்டும். பக்கத்து வீட்டார் ஏற்கெனவே ஒரு துண்டுச் சீட்டில், உங்கள் சருகு எங்கள் பக்கம் பறக்கிறது என்று எழுதிக் கதவிடுக்கில் செருகியிருந்தார்கள். "மாமா, தடை வந்தால் நாளைக்கு முதலாளி அவங்க கூலியைத்தான் குறைப்பார், எங்க கட்டணத்தை ஏற்றுவார்" என்றார் மருமகனார். அது பொய்யன்று. "அப்போ அவர் காது போனால் போகட்டுமா?" என்று மகள் கேட்டாள். அதுவும் பொய்யன்று. நாம் வேறொன்று கேட்டோம்: "சருகு அங்கேயே கிடந்தால் என்ன?" இருவரும் நம்மை ஊர் நாட்டான் போலப் பார்த்தார்கள்.

கேள்வி நம்முடையது மட்டுமன்று. பூச்சியினங்களைக் காக்கப் பாடுபடும் ஸெர்ஸெஸ் கழகம் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக இதையே சொல்லிவருகின்றன. வெளிர்பச்சைச் சிறகுடைய லூனா விட்டில் தன் கூட்டை இலையில் சுற்றிக்கொண்டு சருகோடு சருகாகக் குளிர்காலத்தைக் கழிக்கிறது. கருப்பும் செம்பழுப்புமாக மயிரடர்ந்த கம்பளிப்புழு ஒன்று சருகின் கீழ் உறைந்துபோய்க் கிடந்து வசந்தத்தில் எழுந்து நடக்கிறது. அரசித் தேனீக்களில் ஒருவகை ஓரிரு அங்குல மண்ணுக்குள் துயில்கிறது. மேலே சருகுதான் போர்வை. மின்மினியின் புழுக்களும் அங்கேதான். பொறியின் காற்று இவற்றையெல்லாம் இலையோடு சேர்த்துத் தெருவுக்குத் தள்ளுகிறது. அந்தக் குறையில் பெட்ரோலுக்கும் மின்கலத்துக்கும் வேற்றுமை இல்லை. ஜெர்மனியில் 2002-ஆம் ஆண்டு விதி, குடியிருப்புப் பகுதிகளில் இலையூதிகளை வேலைநாட்களில் காலை 9 முதல் 1 மணி வரையும் பிற்பகல் 3 முதல் 5 மணி வரையும் மட்டுமே இயக்கலாம் என்று வகுத்தது. 2019-இல் அந்நாட்டு அரசு, தவிர்க்கவே முடியாத இடத்திலன்றி அவற்றைப் பயன்படுத்தாதீர் என்று பூச்சிகளின் பொருட்டே அறிவுறுத்தியது. புல்மேல் கனமாகப் படிந்த சருகு புல்லை மூச்சுத் திணற வைக்கும் என்பது உண்மை. ஆனால் அதைப் புல்வெட்டும் பொறியாலேயே நொறுக்கிப் போட்டால் மண்ணுக்குள் போய்விடுகிறது. மிஞ்சியதை மரத்தடியில் ஒதுக்கினால் மரத்துக்கே உரம். மரம் தான் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் விட்ட சத்தை வேர் வழியாக வாங்கிக்கொள்ள இருக்கையில், நாம் காசு கொடுத்து அதை வெளியேற்றிவிட்டு, வசந்தத்தில் காசு கொடுத்து உரமூட்டை வாங்குகிறோம். கணக்குத் தெரிந்த தேசத்தில் இந்தக் கணக்கு எப்படித் தப்பியது என்று நமக்கு இன்றும் விளங்கவில்லை.

மருமகனார் கணிப்பொறித் துறையினர். உணர்ச்சியைவிடக் கணக்குக்கு இணங்குபவர். உரமூட்டைச் செலவைப் பார்த்துவிட்டு, முன்புல்வெளியும் நடைபாதையும் மட்டும் ஒழுங்காக இருக்கட்டும், பின்புறத்தை விட்டுவிடுவோம் என்றார். கட்டணத்தைக் குறைக்கக் கேட்கக்கூடாது என்பது நம் நிபந்தனை. மறுகிழமை பேத்தி வழியாக இதைச் சொன்னபோது குவாத்தமாலாக்காரர் மகிழ்வார் என்று வீட்டார் எதிர்பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கிற்று. எங்கள் வேலையில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டார். குறைவில்லை, கூலியும் அதேதான் என்று மீண்டும் மீண்டும் சொன்னபின், இதை முதலாளியிடம் எழுத்தில் கொடுங்கள் என்றார். வேலை குறைந்தும் கூலி குறையாது என்பதை வாய்ச்சொல்லில் நம்பியிருக்க அவருடைய அனுபவம் இடம் தரவில்லை. மகள் எழுதிக்கொடுத்தாள். அன்று பின்புறத்தில் ஊதி ஒலிக்கவில்லை. அவர் மரத்தடியில் வாரியால் நான்கு இழுப்பு இழுத்துச் சருகை ஒதுக்கிவிட்டு வண்டியோரம் அமர்ந்து தம் மதிய உணவை உண்டார்.

தலைநகர் வாஷிங்டன் 2018-இல் சட்டமியற்றி 2022 ஜனவரி முதல் பெட்ரோல் இலையூதியை அறவே தடுத்தது. இடையில் ஏறத்தாழ மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தது நல்ல வழி. கலிஃபோர்னியா 2021-இல் இயற்றிய சட்டம், 2024 முதல் செய்யப்படும் இத்தகைய சிறு பொறிகள் புகையற்றவையாக இருக்கவேண்டும் என்று விதித்ததோடு, தொழிலாளரும் சிறு நிறுவனத்தாரும் புதுக்கருவி வாங்க மூன்று கோடி டாலரையும் ஒதுக்கியது. ஒதுக்கிய தொகை போதாது என்று தோட்டக்காரர்கள் முறையிட்டார்கள். ஆனாலும் தடையோடு பணமும் வரவேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட சட்டம் அது. நாமிருந்த ஊர் மன்றமோ பணம் பற்றி வாய் திறக்கவில்லை; அமர்த்துகிறவர் பொறுப்பைப் பற்றியும் பேசவில்லை. அபராதம் பொறியை இயக்குபவருக்கு என்றே முன்வரைவில் இருந்தது. இரவுப்பணி அம்மையாருக்குத் தூக்கம் வேண்டும். அதற்காக நாமும் கையெழுத்திடலாம். ஆனால் ஓசையைக் கேட்டு முறையிடும் வீடும், அந்த ஓசையைக் கூலிக்கு அமர்த்தும் வீடும் அத்தெருவில் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. அபராதச் சீட்டு வந்து சேர்வதோ மூன்றாவதாக ஒருவருக்கு. மன்றத்தாருக்கு ஒரு கடிதம் எழுதி, லாஸ் ஏஞ்சலிஸ் விதியின் அந்தப் பகுதியை எடுத்துக்காட்டுமாறு மகளிடம் சொன்னோம். எழுதினாள். பெற்றுக்கொண்டோம் என்று இரண்டு வரி மறுமொழி வந்தது.

நாம் ஊர் திரும்பிய பின் வந்த வேனிலில் விதி நிறைவேறிற்று என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். மே முதல் செப்டம்பர் வரை பெட்ரோல் ஊதிக்குத் தடை. அக்டோபர் பிறந்தால் அனுமதி. இலை விழாத மாதங்களில் தடையும் விழுகிற மாதங்களில் அனுமதியும்! மன்றத்தார் இரு தரப்பையும் மகிழ்விக்கக் கண்டுபிடித்த வழி இது. அமர்த்துகிறவரும் பொறுப்பாளி என்ற வாசகம் சேர்க்கப்படவில்லை. பக்கத்து வீட்டார் மட்டும் மகள் வீட்டுப் பின்புறத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் பின்புறத்தையும் அப்படியே விட்டிருக்கிறார்களாம். குவாத்தமாலாக்காரரின் முதலாளி இரண்டு மின்கல ஊதிகள் வாங்கியிருக்கிறார். ஈரமான ஓக் சருகுக்கு அவை போதவில்லை என்பதால் பழைய பொறியும் வண்டியில் ஏறித்தான் வருகிறது என்றாள்.